சுவரைத் தட்டும் மனுஷன்

பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத்தில் ஒரே சுவரைப் பகிரும் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பக்கத்து வீட்டுச் சத்தம் பொறுக்கவில்லையென்றால் நடுச்சுவரைத் தட்டுவார்கள். வாயை மூடு என்று அர்த்தம். எங்கள் கோழி போய் இடப்பக்க வீட்டுக்காரரின் மல்லிச்செடியைக் கிளறியதிலிருந்து அவருக்கும் அப்பாவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அவர் மனைவி இறந்தபோதுகூட அப்பா வாசலோடு போய் வாசலோடு திரும்பினார்.

அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு அம்மா போய்விட்டாள். எனக்கு எட்டு வயது. பள்ளி விட்டு வந்து, கதவைத் தாழிட்டுக்கொண்டு, அப்பா ஃபேக்டரியிலிருந்து வரும்வரை தனியாக இருப்பேன். பக்கத்து வீட்டுக்காரரோ ரிட்டயராகி நாள் முழுக்க வீட்டில்தான். நான் வந்து உட்கார்ந்ததும் சுவரில் டக் டக். மூச்சுகூட விடவில்லையே, என்ன சத்தம் கேட்டது இவருக்கு? பயத்தில் நானும் தட்டினேன், உடனே நின்றது. அன்றிலிருந்து அரைமணிக்கொரு தரம் தட்டுவார். நான் திருப்பித் தட்டாமல் ஓயமாட்டார். நிம்மதியாக அழக்கூட விடாத மனுஷன் என்று கருவிக்கொண்டேன். அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் கைகலப்பாகும், அப்பாவுக்கும் ஏதாவது ஆகிவிட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

ஒரு நாள் வீம்பு வந்துவிட்டது. என்னதான் செய்வார் பார்ப்போம் என்று அம்மாவின் சேலைக்குள் சுருண்டு கிடந்தேன். தட்டல் வலுத்தது. சுண்ணாம்பு உதிர்ந்தது. சட்டென்று நின்றது. அடுத்து கதவில் இடி விழுந்தது. தாழ்ப்பாள் பிய்ந்து தெறிக்க, கடப்பாரையோடு அவர் நின்றார். நான் அலறினேன்.

“ஏட்டி, ஏன் தட்டல?” என்றவர், கடப்பாரையைப் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

ஷிப்ட் முடிந்து ஏறி வந்துகொண்டிருந்த அப்பா ஓடிவந்து அவர் சட்டையைப் பிடித்தார். “பொட்டப்பிள்ள தனியா இருக்க வீட்டுக் கதவ ஒடைக்கீரே, ஒமக்கு என்ன வேணும்?”

அவர் கையை விலக்கக்கூட இல்லை. “எம் வீட்டுக்காரி அடுப்படியில விழுந்து கெடந்தப்ப, சத்தங் கேக்க இந்தப் பக்கம் ஆளில்ல, எல்லாரும் வேலைக்குப் போயிருந்தாக. நான் வேல முடிஞ்சு வரும்போது ஒடம்பு ஜில்லுன்னு ஆயிட்டு. இவ தட்டினா, உசுரோட இருக்கான்னு தெரியுமில்ல.”

அப்பா அடிப்பார் என்று காத்திருந்தேன். சட்டையை விட்டுவிட்டு, அடுப்பைப் பற்றவைத்து, பாலில்லாமல் கட்டன்சாயா போட்டு அம்மாவின் டம்ளரில் ஊற்றி அவரிடம் நீட்டினார். அம்மாவின் டம்ளரையா இவருக்குக் கொடுப்பது? இரண்டு பேரும் உடைந்த கதவருகே உட்கார்ந்து குடித்தார்கள். பாதியில் அப்பா விம்மி விம்மி அழுதார். அம்மாவைப் புதைத்த அன்றுகூட அவர் அழவில்லை.

எங்கள் அப்பாவை அழவைத்த அந்த மனுஷனை நான் இரண்டு வருஷம் மன்னிக்கவில்லை.