நாச்சம்மா எடைக்கு ஒரு மூட்டை ராகி

எனக்கு எண்பத்திநாலு வயசு. பெத்தது அஞ்சு, வளர்ந்து ஆளானது நாலு. ஆனால் என் கையால் சோறு போட்டு வளர்த்ததைக் கேட்டால் கணக்கு சொல்ல முடியாது. மைசூரில் ஒரு பெண்கள் காலேஜ் ஹாஸ்டலில் ஸ்டோர் ரூம் சாவி என் இடுப்பில் இருந்தது. அங்கே தின்று வளர்ந்த பிள்ளைகளில் பாதிப் பேர் இப்போது பாட்டிகள்.

எழுத்து என்றால் எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். டப்பா மேலே துவரை, கடலை என்று எழுதத் தெரியும். அவ்வளவுதான். அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி சுதா எழுதுகிறாள். காலேஜில் படிக்கிறாள். காலையில் அரை டம்ளர் காபி, மத்தியானம் ஒரு ஆப்பிள். சாயங்காலம் மருந்துக் கடை மிஷினில் ஏறி நின்று எடை பார்த்துவிட்டு வருவாள். முள்ளு ஒரு கோடு நகர்ந்தால் அன்றைக்கு முகம் கீழே தொங்கும். இவளுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். இவளைப் போல இருக்கிற மற்றப் பெண்களும் படித்துக்கொள்ளலாம்.

1. வெல்ல டப்பா

அது மகாராஜா காலம். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் வார்டனம்மா சாவியைக் கொடுத்து, கன்னடம் கலந்த தமிழில் சொன்னார்: "நோடம்மா, இங்க எலித் தொந்தரவு இல்ல, பொண்ணுங்க தொந்தரவுதான். வெல்ல டப்பாவ மேல் பலகையில வை."

மேல் பலகையில் வைத்தேன். சாயங்காலம் டப்பா காலி. டிரில் டீச்சர் ஒருத்தி மேல் ஒருத்தி நிற்கிற பிரமிட் என்று ஒன்று சொல்லிக் கொடுத்திருந்தார். அதை மைதானத்தில் செய்ததை விட என் ஸ்டோர் ரூமில்தான் அதிகம் செய்தார்கள்.

அந்த வருஷம்தான் நாச்சம்மா வந்து சேர்ந்தாள். ராமாபுரத்துப் பெண். அப்போது கொள்ளேகால் பக்கமெல்லாம் கோயமுத்தூர் ஜில்லா. அப்பா குப்பண்ணன் புளி, ராகி மண்டி வைத்திருந்தார். நான் பிறந்ததும் கொள்ளேகால் பக்கம்தான். அவள் வாயைத் திறந்ததுமே எனக்குப் பிடித்துப் போனது. வந்தபோது வெண்ணெய் உருண்டை மாதிரி இருந்தாள். மாடி ஏறினால் பாதியில் நின்று மூச்சு வாங்குவாள்.

மற்றப் பெண்கள் ராகிக் களியைக் கண்டால் மூக்கைப் பிடிப்பார்கள். அது கூலிக்காரச் சாப்பாடாம். இவள் மட்டும் களியைக் கொள்ளுச் சாற்றில் தோய்த்து லபக் லபக் என்று முழுங்குவாள். காலையில் டிரில், சாயங்காலம் ரப்பர் வளையத்தை வீசிப் பிடிக்கிற ரிங் விளையாட்டு. சில மாசத்தில் பிரமிடில் கீழே நின்று எல்லாரையும் தாங்குகிறவள் அவள்தான். வெண்ணெய் உருகிப் போய் உள்ளே இருந்த ஆள் வெளியே வந்துவிட்டாள். முகத்தில் களை, நடையில் துள்ளல். எனக்கு நல்லதாகத்தான் தெரிந்தது. அதில் ஒரு வம்பு இருந்தது எனக்கு அப்போது தெரியாது.

2. மூட்டை

தசரா லீவு முடிந்து கொஞ்ச நாள். ரிங் பழகுவதற்காக லீவுக்கும் ஊருக்குப் போகாமல் இருந்துவிட்ட நாச்சம்மா ஸ்டோருக்கு வந்து அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தாள். கூடவே அவளுடைய ரூம்காரி சரோஜா, மைசூரிலேயே பிறந்த வாயாடி.

"ஸ்டோரம்மா, அடுத்த ஞாயித்துக்கிழமை அத்தை வர்றாங்களாமா. மூட்டையோட."

"அத்தை வந்தா வரட்டுமே. என்ன மூட்டை?"

அப்போதுதான் சொன்னாள். அத்தை என்றால் அப்பாவுக்கு அக்கா. தன் மகனுக்கு நாச்சம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று காத்திருந்தவர். படித்தால் பெண்பிள்ளை உடம்பு வற்றிப் போகும், பிள்ளை பெறாது என்று அந்தம்மா வாதம். தம்பியால் அக்காவை எதிர்க்கவும் முடியவில்லை, மகள் அழுகையைப் பார்க்கவும் முடியவில்லை. மண்டிக்காரர் அல்லவா, தராசில் தீர்ப்பு வைத்தார். ஒரு தட்டில் மகளை உட்கார வைத்து, மறு தட்டில் ராகியைக் கொட்டி, சமமானதும் அந்த ராகியை மூட்டை கட்டிச் சிவப்புச் சணலால் வாயைத் தைத்தார்கள். தசரா கழிந்ததும் மறுபடி நிறுத்துப் பார்க்க வேண்டும். மூட்டை எடைக்கு அவள் குறைந்தால் படிப்பு அத்தோடு சரி, தை மாசம் கல்யாணம். தம்பி நடுவில் ஒரு படி எடுத்துவிடுவார் என்று சந்தேகப்பட்டு மூட்டையை அத்தையே தன் வீட்டில் வைத்துக்கொண்டார்.

நான் நாச்சம்மாவைப் பார்த்தேன். வந்தபோது இருந்ததில் கால் பங்கு காணோம்.

உடனே வேலையை ஆரம்பித்தோம். காலையில் நெய், மத்தியானம் நெய், ராத்திரி பாலில் பிசைந்த நஞ்சன்கூடு ரஸபாளெ வாழைப்பழம். எல்லாவற்றையும் தின்றுவிட்டு அவள் மைதானத்துக்கு ஓடிவிடுவாள்.

"ஒரு வாரம் அந்த ரிங்கை விட்டுத் தொலையேன் கண்ணு."

"மேட்ச் இருக்குதுங்களே, ஸ்டோரம்மா."

"தோத்தா என்ன, குடி முழுகிப் போகுமா? தராசுல தோத்தா தாலிடி."

"ரெண்டுலயும் ஜெயிக்கோணும்" என்றாள். வெள்ளிக்கிழமை ரிங்கில் ஜெயித்தாள். நெய் செலவானதுதான் மிச்சம், உடம்பு ஏறவில்லை.

சரோஜாதான் என் ஸ்டோர் ரூமைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மூலையில் இருந்த எடைக்கல்லைக் காட்டினாள். இரும்புக் கல், சர்க்கார் முத்திரை போட்டது. சேர் கல், அரைச் சேர் கல் எல்லாம் இருந்தது. ஒரு பழைய தலையணை உறையைக் கிழித்துப் பை பையாகத் தைத்து, கல்லைப் போட்டு, சேலைக்கு உள்ளே இடுப்பைச் சுற்றிக் கட்டினோம். வெளியே பார்த்தால் கொஞ்சம் பூசின உடம்பு மாதிரி அழகாகவே இருந்தது. இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. நல்ல தையல்.

3. மலை

ஞாயிறு காலை கல் இல்லாமல் கண் அளவில் அரிசி போட்டேன். வார்டனம்மா, "ஏனம்மா, ஊருக்கே கல்யாணமா?" என்றார்.

ஜட்கா வந்து நின்றது. பாதி இடம் மூட்டைக்கு, பாதி அத்தைக்கு. குப்பண்ணன் வண்டிக்காரர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்தார். நல்ல கனத்த மனிதர், அக்கா அதைவிட.

அத்தை இறங்கினதும் நாச்சம்மாவின் கன்னத்தைக் கிள்ளினார். கிள்ள ஒன்றும் அகப்படவில்லை.

"ஏண்டா தம்பி, இது புள்ளையா, காஞ்ச முருங்கைக்காயா? கன்னத்தை எங்கடி அடகு வெச்ச?"

"கன்னந்தான் அத்தை போச்சு, மத்ததெல்லாம் இருக்குது" என்று சரோஜா குறுக்கே புகுந்தாள்.

"நீ யாரு? நீயும் முருங்கைக்காய்தான்."

குப்பண்ணன், "தராசு சொல்லட்டுமுங்க்கா" என்றார்.

நாங்கள் மூணு பேரும் பின்கட்டைப் பார்த்து நடந்தோம். அங்கேதான் மூட்டை நிறுக்கிற பெரிய தராசு தொங்கியது. அத்தை அசையவில்லை. "மொதல்ல மலைக்குப் போயி அம்மனைக் கும்புட்டுட்டு வரோணும். அப்பறந்தான் மத்தது. படியேறியே வர்றதா வேண்டியிருக்கறேன்."

சாமுண்டி மலைப் படி உங்களுக்குத் தெரியும், ஆயிரம் படி. சரோஜா என் காதில், "ஸ்டோரம்மா, கல்லைக் கழட்டிடலாமா?" என்றாள். எங்கே கழட்டுவது? அத்தை நாச்சம்மாவின் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. வார்டனம்மா என்னைத் துணைக்கு அனுப்பினார்.

அத்தை கொஞ்ச தூரத்திலேயே நிற்க ஆரம்பித்தார். "படி கட்டின மகராசன் நடுநடுவுல கொஞ்சம் சமதரை கட்டியிருக்கக் கூடாதா?" அவர் கையில் இருந்த பலகாரக் கூடையை நாச்சம்மா வாங்கிக்கொண்டாள். அப்புறம் அத்தையையே ஒரு கையால் இழுத்துக்கொண்டு ஏறினாள். பெரிய நந்தி வந்ததும் அத்தை உட்கார்ந்துவிட்டார். "நந்தி இருக்கற எடத்துல சாமி இல்லாமயா போகும்? எம்பட வேண்டுதல் இங்கயே முடிஞ்சுது." கூடையைத் திறந்து முறுக்கைக் கடித்தார். குப்பண்ணனும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

நாச்சம்மாவும் சரோஜாவும் மேலே போய்த் திரும்பி வந்தார்கள். ஒரு கல்லும் கட்டாத சரோஜா நாய் மாதிரி இரைத்தாள். இடுப்பில் இரும்பைச் சுமந்த நாச்சம்மா அத்தை நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டு, "தண்ணி கொண்டாரட்டுங்களா?" என்றாள்.

குப்பண்ணன் மகளையே பார்த்தார். "நம்ம மண்டியில மூட்டை தூக்கற ஆளுங்ககூட இப்பிடி ஏற மாட்டானுங்க்கா."

"ஆடுகூடத்தான் மலையேறுது. அதுக்குன்னு அதுக்கும் காலேஜா?" என்றார் அத்தை.

இறங்கும்போது பை ஒன்று தையல் விட்டது. டங், டங், டங் என்று ஒரு சேர் கல் படி படியாக உருண்டு, முன்னால் போன குப்பண்ணன் காலடியில் போய் நின்றது. அவர் குனிந்து எடுத்தார். உள்ளங்கையில் வைத்து லேசாகத் தூக்கிப் பார்த்தார். முத்திரையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், மலை உச்சியைப் பார்த்தார்.

"என்னடா விழுந்துச்சு?"

"கல்லுங்க்கா" என்று இடுப்பு வேட்டியில் செருகிக்கொண்டார்.

4. தராசு

பின்கட்டில் ஒரு தட்டில் மூட்டையை வைத்தார்கள். குப்பண்ணன் அதன் வாயைத் தடவினார். பாதி சிவப்புச் சணல், பாதி வெள்ளைச் சணல். எனக்கும் தெரிந்தது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

நாச்சம்மா மறு தட்டில் உட்கார்ந்தாள். உள்ளே கல்லோடு கல் மோதி 'கிளிங்' என்றது.

"அதென்ன சத்தம்?"

"கொலுசுங்க்கா" என்றார் குப்பண்ணன்.

"அவ கொலுசே போடலியே?"

"அப்ப வளையலுங்க்கா."

மூட்டை கீழேயே நின்றது. நாச்சம்மா மேலே தொங்கினாள். அத்தை முகத்தில் தை மாசம் தெரிந்தது. நாச்சம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள், உதடு நடுங்கியது. மலையில் நடுங்காத பெண்.

"தட்டு ஆடுதுங்க்கா" என்று குப்பண்ணன் மகள் பக்கம் போய்ச் சங்கிலியைப் பிடித்தார். தட்டு மெல்ல இறங்கியது. முள்ளு நடுவுக்கு வந்து நின்றது.

அத்தைக்கு நம்பிக்கை வரவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். தட்டின் ஓரத்தில் தம்பியின் கால் கட்டைவிரல் அழுந்தி இருந்தது. அந்தம்மா நிமிர்ந்தார். வாயைத் திறந்தார்.

குப்பண்ணன் மெதுவாகக் கேட்டார்: "மூட்டைத் தையல் நல்லாருக்குதுங்க்கா. அந்த வெள்ளைச் சணலு யாரு போட்டது?"

அத்தை வாய் அப்படியே நின்றது. தம்பியைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார், காலைப் பார்த்தார். அப்புறம் மூடிக்கொண்டார்.

"செரி, எறங்குடி. சமமாத்தான் இருக்குது" என்றார். கொஞ்சம் கழித்து, "இந்த மலை ஏறினதுல எனக்குத்தான் எடை கொறைஞ்சு போச்சு. சோறு கீறு இருக்குதா இங்க?"

மூட்டையைத் திரும்பத் தூக்கிப் போக அத்தைக்கு மனசு வரவில்லை. அங்கேயே பிரித்து ராகியை அரைத்துக் களி கிண்டினேன். அத்தை மூணு உருண்டை தின்றார். மூக்கைப் பிடித்த பெண்களும் அன்றைக்கு வாங்கித் தின்றார்கள். நாச்சம்மாவை உட்கார வைத்து நிறுத்த ராகி என்று தெரிந்ததும் அதற்கு ஒரு கௌரவம் வந்துவிட்டது. அத்தை கூடுதலாகப் போட்டுத் தைத்ததும் சேர்ந்துதான் எங்கள் வயிற்றுக்குப் போனது.

புறப்படும்போது குப்பண்ணன் என்னிடம் வந்து கல்லை நீட்டினார். "ஏனுங்கம்மா, இது உங்க ஸ்டோருதுங்களா?"

"ஆமாங்க."

"இத்தனையும் கட்டிக்கிட்டா ஏறுனா?"

"ஆமாங்க."

அவர் சிரிக்கவில்லை. மீசை மட்டும் ஆடியது. "வத்திப் போன புள்ளைன்னாங்க. அதான் வெரலு தானா போயிருச்சுங்க."

நாச்சம்மா படிப்பை முடித்து டீச்சர் ஆனாள். அத்தை மகனுக்கு வேறு நல்ல இடம் கிடைத்தது. ஒவ்வொரு அறுவடைக்கும் அத்தையிடமிருந்து ஹாஸ்டலுக்கு ஒரு மூட்டை ராகி வந்தது, ஒரே நிறச் சணலில் தைத்து.

இத்தனை வருஷம் தராசோடு குடித்தனம் நடத்தினதில் எனக்குப் புரிந்தது இதுதான். முள்ளை மட்டும் பார்க்காதே. தட்டுப் பக்கம் யார் நிற்கிறார்கள், அவர்கள் கால் எங்கே இருக்கிறது என்று பார். உன் உடம்பு நல்லா இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் மருந்துக் கடைக்குப் போகாதே, மலைக்குப் போ. போகும் முன்னால் சாப்பிட்டுவிட்டுப் போ.

சரி சுதா, போதும். முதலில் இருந்து ஒரு தடவை வாசி கண்ணு. நீயாக எதையாவது நடுவில் போட்டுத் தைத்திருந்தால் எனக்குத் தெரிந்துவிடும். சணல் நிறம் பார்த்தே சொல்லிவிடுவேன்.