மாடு மேய்ந்தும் துளிர்த்த செம்பருத்தி

இந்த நினைவு மலரோடு உங்கள் கையில் ஒரு செம்பருத்திக் கன்றும் கொடுத்திருப்போம். அம்மாவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வருபவர்களுக்கு எவர்சில்வர் கிண்ணம் கொடுக்கலாம் என்றுதான் வீட்டில் பேசினார்கள். கன்று கொடுப்போம் என்று சொன்னவள் நான். சொன்ன பிறகு எனக்கு நிம்மதி இல்லை. எல்லார் வீட்டிலும் மண் இருக்குமா, பேருந்தில் எடுத்துப் போகையில் ஒடிந்துவிடாதா, வாடிப்போனால் அபசகுனம் என்று யாராவது நினைப்பார்களோ என்று பலமுறை மனம் மாறினேன். அம்மா இருந்திருந்தால் அவரும் இப்படித்தான் தவித்திருப்பார். அவருடைய சமையல் கை எனக்கு வரவில்லை. பயம் மட்டும் அப்படியே வந்திருக்கிறது.

அம்மா குறிஞ்சிப்பாடிக்கு அருகே ஒரு சிற்றூரில், பிறர் நிலத்தில் வேலை செய்து பிழைத்த குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தார். கைக்குழந்தையாக இருந்த தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே பள்ளிக்குப் போனார். அந்தத் தம்பிதான் எங்கள் மாமா. குழந்தையைக் கீழே விட்டால் எதையாவது எடுத்து வாயில் போட்டுக்கொள்ளும் என்ற கவலை அம்மாவுக்கு அப்போதே தொடங்கிவிட்டது என்று மாமா சொல்லிச் சிரிப்பார்.

அப்பாவைத் திருமணம் செய்துகொண்டபோது அப்பா நெய்வேலி சுரங்கத்தில் காண்ட்ராக்ட் தொழிலாளி. அடுத்த மாதம் வேலைக்கு விடுவார்களா என்று தெரியாமலே பல ஆண்டுகள் ஓடின. அப்பா ஷிஃப்ட் முடிந்து வரத் தாமதமானால் அம்மா வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டே இருப்பார். அப்பா பர்மனென்ட் ஆனார். டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. குடிவந்த வாரமே அம்மா தன் ஊர் அம்மன் கோயில் வேலியிலிருந்து ஓர் அரளிக் கொப்பை ஒடித்துவந்து கேட்டின் ஓரம் நட்டார்.

அதுதான் எங்கள் தோட்டத்தின் முதல் செடி. டவுன்ஷிப்பில் திரியும் மாடுகள் ரோஜாவைத் தின்றன, வெண்டையைத் தின்றன. அரளியில் மட்டும் வாய் வைக்கவில்லை. பெரும்புயல் வந்த ஆண்டு எங்கள் பிளாக்கில் மரங்களெல்லாம் சாய்ந்துகிடந்தபோதும் அரளி நிமிர்ந்து நின்றது. கரித்தூள் படிந்த இலைகளுக்கு மேலே கொத்துக் கொத்தாகப் பூத்தது. தினமும் காலையில் அந்தப் பூவைத்தான் அம்மா சாமி படத்துக்கு வைப்பார்.

அதற்குப் பிறகு வந்த செடிகளுக்கெல்லாம் அம்மா ஒரு சோதனை வைத்தார். வாங்கிவந்த கன்றை உடனே தரையில் நட்டுவிட மாட்டார். ஒரு சித்திரை மாதம் முழுவதும் சுவரோரம் தொட்டியிலேயே வைப்பார். டவுன்ஷிப் குழாயில் தண்ணீருக்குக் குறைவே இல்லை. ஆனாலும் அந்தத் தொட்டிகளுக்கு மட்டும் அவர் கை நீளாது.

"ஏங்க்கா, தண்ணி அப்பிடி ஊத்துது, இதுங்கள ஏன் காயப் போடுறீங்க?" என்று எதிர்வீட்டு அத்தை கேட்பார்.

"நாளைக்கே ரிட்டயர்டு ஆனா இந்த வூட்ட விட்டுட்டுப் போவணும். போற எடத்துல யாரு ஊத்துவா? இப்பவே பாத்துகினு வாங்கணும்."

அப்பா உள்ளேயிருந்து, "உங்கக்கா செடிக்கெல்லாம் இன்டர்வியூ எடுக்குறாம்மா. சாமந்தி, பால்சம் எல்லாம் காண்ட்ராக்ட்டு. சித்திரை தாண்டுனாத்தான் பர்மனென்ட்டு!" என்பார்.

அப்படித் தேறியவை சில செடிகள்தான். கறிவேப்பிலை, இட்லிப்பூ, பவளமல்லி, அடுக்குச் செம்பருத்தி. செம்பருத்தி வெயிலில் தேறினாலும், மாடு மேய்கிறது என்று அம்மா அதைத் தரையில் நடாமல் தொட்டியிலேயே வைத்திருந்தார். அரளியை அவர் சோதித்ததே இல்லை. அதற்குத் தேவையில்லை என்று நாங்கள் எல்லாருமே நினைத்தோம். மாடு ஏன் அதில் வாய் வைக்கவில்லை என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.

என் கணவருக்கு வெளியூரில் வேலை என்பதால், மகள் பிறந்த பிறகு நான் அம்மாவோடுதான் இருந்தேன். மகள் நடக்கத் தொடங்கிய புதிது. ஒரு மாலை அம்மா துணி எடுத்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்று எதிர்வீட்டு அத்தையோடு பேசிக்கொண்டிருந்தேன். திரும்பினால் மகள் கேட்டருகே உட்கார்ந்திருக்கிறாள். கையில் இலை. உதட்டில் ரோஜா நிறத்தில் ஓர் இதழ் ஒட்டியிருந்தது.

அடுத்து நடந்தவை எனக்கு வரிசையாக நினைவில்லை. அம்மா துணிகளைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார். குழந்தையின் வாயிலிருந்ததை எடுத்துப் போட்டுத் துடைத்தார். "முழுங்கினியா? ஆயாகிட்டச் சொல்லு சாமி, முழுங்கினியா?" என்று பேச்சு வராத பிள்ளையிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். எதிர்வீட்டு அத்தை ஆட்டோவை நிறுத்தினார். மருத்துவமனையில் குழந்தையின் சிறிய மார்பில் ஒயர்களை ஒட்டி இதயத் துடிப்பைக் கவனித்தார்கள். அரளியில் இலை, பூ, தண்டு, வேர் எல்லாமே விஷம், இதயத்தைத்தான் முதலில் பிடிக்கும் என்று மருத்துவர் சொன்னபோது அம்மாவின் கை என் தோளில் இருந்தது.

குழந்தை எதையும் விழுங்கியிருக்கவில்லை. மறுநாள் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். அம்மா சிரிக்கவில்லை. நேராக அரிவாளை எடுத்துக்கொண்டு அரளியிடம் போனார்.

"விடும்மா, நான் ஆள வெச்சு வெட்டுறேன். எத்தினி வருசத்துச் செடி," என்றார் அப்பா.

"சாவாத செடியாப் பாத்துப் பாத்து வெச்சேங்க. சாவடிக்காத செடியான்னு ஒரு நாள் பாக்கலியே," என்று சொல்லிக்கொண்டே வெட்டினார். வெட்டிய கிளைகளைக் கொளுத்தவும் விடவில்லை. புகைகூடக் குழந்தைக்கு ஆகாது என்று சாக்கில் கட்டிக் குப்பை வண்டியில் ஏற்றி அனுப்பினார்.

அதோடு நிற்கவில்லை. பர்மனென்ட் ஆன செடிகளுக்கெல்லாம் மறுபடி இன்டர்வியூ நடந்தது. குழந்தையைக் காட்டப் போகும்போதெல்லாம் ஒவ்வொரு செடியின் பெயரையும் சொல்லி மருத்துவரைக் கேட்டார். நான் கைப்பேசியில் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க உலகத்தில் ஒரு செடியுமே பாதுகாப்பில்லை என்று தோன்றியது. அம்மாவுக்கு அதுவும் போதவில்லை. செம்பருத்தித் தொட்டியைத் தூக்கி கேட்டுக்கு வெளியே வைத்தார். எந்த மாட்டை இத்தனை ஆண்டுகள் குச்சியால் விரட்டினாரோ, அதற்காகக் காத்திருந்தார்.

"என்னக்கா, மாட்டுக்கு விருந்தா?" என்றார் எதிர்வீட்டு அத்தை.

"அது வாய் வெச்சாத்தான் எம்பேத்தி கை வெக்கலாம். மேஞ்சிட்டுப் போவட்டும். மேஞ்ச பொறவும் துளுத்துதுன்னா அதுதான் இனிமே பர்மனென்ட்டு."

மாடு செம்பருத்தியை மொட்டையடித்துவிட்டுப் போனது. சில வாரங்களில் ஒவ்வொரு கணுவிலும் துளிர் வந்தது. அம்மா அதைத் தரையில் நட்டார்.

வெட்டிய அரளியின் அடிக்கட்டையும் துளிர்த்துக்கொண்டே இருந்தது. அம்மா துளிர்களைக் கிள்ளி எறிந்துகொண்டே இருந்தார். பிறகு சர்க்கரை நோய் அவருடைய சிறுநீரகத்தைத் தாக்கியது. படுக்கையில் இருந்தபடி, "அது தலையெடுத்துதா, போய்ப் பாரு," என்பார். பார்த்துவிட்டு இல்லை என்பேன். கிள்ளிவிட்டுத்தான் வருவேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேனா என்று இரண்டாம் முறையும் கேட்பார். நானும் இரண்டாம் முறை கழுவுவேன். கடைசி நாட்களில் மூச்சு வாங்கியது. கடைசி நாள் காலை அப்பாவின் கையைப் பிடித்திருந்தார். அமைதியாகவே போனார்.

அம்மா பயந்தபடியே அப்பாவின் ஓய்வும் குவார்ட்டர்ஸைக் காலி செய்யும் நாளும் வந்தன. வடலூர்ப் பக்கம் கட்டிய சொந்த வீட்டுக்கு எந்தச் செடிகளைக் கொண்டுபோவது என்று நான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. செம்பருத்தி, இட்லிப்பூ, பவளமல்லி, கறிவேப்பிலை ஆகியவற்றில் கொப்பும் கன்றுமாக எடுத்தேன். அரளியின் கட்டையை அங்கேயே விட்டேன். புதிதாகக் குடிவருபவர் வீட்டில் குழந்தை இருந்தால் என்ன ஆகும் என்று தோன்றியதும், ஆளை அழைத்து வேரோடு தோண்டச் சொன்னேன்.

சித்திரை வந்தது. புது வீட்டுப் பின்புறம், சிமெண்ட் தொட்டிக்குப் பின்னால், ஒரு பெயிண்ட் டப்பாவில் அரளி நின்றது. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. ஆனாலும் பளபளவென்று இருந்தது. முதலில் மகளின் கையைத்தான் விரித்துப் பார்த்தேன்.

"அப்பா, இது எப்பிடிப்பா இங்க வந்துது?"

அப்பா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "தோண்டுறதுக்கு முன்ன ஒரே ஒரு கொப்பு எடுத்தேம்மா. உங்கம்மா கையால வெச்சது."

"அம்மா கையாலதாம்பா வெட்டுனாங்க."

"தெரியும். அப்ப நீயே பிடுங்கு. என்னால முடியாது."

என்னாலும் முடியவில்லை. டப்பாவைத் தூக்கி மதில்மேல் வைத்தேன். விழுந்துவிடும் என்று இறக்கினேன். பின்கதவைத் தாழிட்டேன். தாழிட்டேனா என்று போய்ப் பார்த்தேன். மகள் "பூ, பூ" என்று கதவைத் தட்டும்போதெல்லாம் ஓடிப்போய்த் தாழைத் தொட்டுப் பார்த்தேன். அந்த வாரம் முழுவதும் நானும் அப்பாவும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

நினைவு நாள் ஏற்பாடு பேச வந்த மாமாதான் டப்பாவைப் பார்த்தார்.

"இது எங்க ஊரு அரளியாச்சே மாமா. அங்க கோயில் வேலி பழசு பாதி பட்டுப்போயி, ஆடு உள்ள பூந்துகினு ஒண்ணும் வெக்க முடியல. குடுங்க, நான் எடுத்துகினு போறேன்," என்றார் அப்பாவிடம்.

அப்பா டப்பாவை எடுத்து மாமாவின் கையில் கொடுத்தார். பிறகு, "வேலிக்கு உள்பக்கமா வெய்யிடா. ரோட்டுப் பக்கம் வேணாம். பிள்ளைங்க போற வழி," என்றார்.

அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா சொல்லியிருக்க வேண்டியதை அப்பா சொன்னார். மாமா ஈரச்சாக்கில் சுற்றி வண்டியில் முன்னால் வைத்துக்கொண்டு போனார். இப்போது அது பூத்திருக்கிறதாம்.

அம்மாவின் நோய்க்காலத்தில் கண்விழித்துப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், மருத்துவமனைக்குத் துணை வந்த அப்பாவின் ஷிஃப்ட் தோழர்களுக்கும், ஆட்டோவை நிறுத்திய நாளிலிருந்து இன்றுவரை எங்களை விடாத எதிர்வீட்டு அத்தைக்கும், மாமா குடும்பத்தினருக்கும், இன்று வேலைகளை விட்டு வந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. உங்கள் கையிலுள்ள கன்று அம்மா நட்ட செம்பருத்தியின் கொப்பிலிருந்து வந்தது. வாடினாலும் மேய்ந்தாலும் பயப்படாமல் காத்திருங்கள். அடியில் உயிர் இருக்கும்.

இன்னொரு வேண்டுகோள். அம்மாவின் படத்துக்கு மாமா தன் ஊர் அரளியில் மாலை கட்டி வருகிறார். அது அப்பாவின் ஆசை. படத்தைக் குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டச் சொல்லியிருக்கிறேன். ஆசீர்வாதம் என்று அதிலிருந்து ஒரு பூவைக்கூடக் கிள்ளி எந்தக் குழந்தையின் கையிலும் கொடுத்துவிடாதீர்கள். கும்பிட்ட பிறகு கையைக் கழுவிக்கொள்ளுங்கள். வாசலில் தண்ணீரும் சோப்பும் வைத்திருப்போம். அம்மா இருந்திருந்தால், கழுவிவிட்டீர்களா என்று இரண்டாம் முறை கேட்டிருப்பார். அவருக்காக நான் கேட்பேன். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.