பாலாடையின் மூக்கில் இருந்த கறை

கைக்குழந்தையாக இருந்தபோது என் மகள் தூங்கிய தூக்கமெல்லாம் அவளுடைய தூக்கம்தானா? இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை. அது எழும்போதெல்லாம் எதிர்வீட்டு அக்கா குழந்தைகளுக்குப் பால் புகட்டும் பித்தளைப் பாலாடை கண்முன் வருகிறது. அதன் மூக்கில் பழுப்பாக ஒரு கறை ஒட்டியிருக்கும். வசம்பு சுட்டு உரைத்துப் புகட்டுகிறாள் என்று நினைத்தேன். எங்கள் வீட்டிலும் அதுதானே வழக்கம்.

நான் ராயபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் உபாத்தியாயினி. துறைமுகத்தில் கரி சுமக்கும் பெண்கள் தங்கள் பிள்ளைகளை அக்காவிடம் விட்டுப் போவார்கள். நானும் விட்டேன். வரிசையாகத் தூளிகள் தொங்கும்; அழுகுரலே கேட்காது. அது அவள் கைராசி என்று பள்ளியில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு நாள் போலீசார் அவள் வீட்டில் அபின் எடுத்தார்கள். லைசென்ஸ் கடையில் வாங்கி ஒருவர் வைத்துக்கொள்ளலாம் என்ற அளவுக்கு மேல் இருந்ததாம். கள்ளத்தனமாக விற்கிறாள் என்று மாஜிஸ்திரேட் ஆறு மாதச் சிறை விதித்தார். யாரோ பகையில் கொண்டுவந்து வைத்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்பினேன். அப்பீலுக்கு வக்கீலைத் தேடிப் பிடித்ததும் நான்தான். சிறையில் அவரிடம் அக்கா என்ன சொன்னாள் என்று மட்டும் கேட்கவில்லை.

ஹைகோர்ட்டில் கரிக்காரப் பெண்களோடு, மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வக்கீல் ஆங்கிலத்தில் வாதாடினார். அது விற்பனைச் சரக்கு அல்ல. தாய்மார்கள் ஆளுக்குக் கொஞ்சமாக வாங்கிக் கொடுத்தது. அவள் வளர்க்கும் குழந்தைகள் அனைவருக்கும் பாலில் கரைத்துப் புகட்டுவது. அனைவருக்கும் என்ற சொல்லை அவர் அழுத்திச் சொன்னார்.

“இன்னா சொல்றாரு, டீச்சரம்மா?” என்று பக்கத்திலிருந்தவள் கேட்டாள். தட்டுத்தடுமாறிச் சொன்னேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “அத்தத்தான் சொல்றாரா? ஒனக்குத் தெரியாதா? பின்ன நீ வர்ற வரிக்கும் ஒங் கொயந்த சும்மாவா தூங்கிகினு கீது?”

மடியில் மகள் விழித்துக்கொண்டு என் தாலியை இழுத்து விளையாடிக்கொண்டிருந்தாள். அவள் கண்களையே பார்த்தேன். மேற்கொண்டு நடந்த வாதம் காதில் விழவில்லை.

அளவுக்கு மேல் வைத்திருந்தது குற்றமே, ஆனால் விற்றதற்குச் சாட்சியம் இல்லை, கழித்த சிறைவாசமே போதும் என்று தீர்ப்பாயிற்று. நான் ஏற்பாடு செய்த வக்கீலால்தான் அக்கா வெளியே வந்தாள். வந்ததும் என் கைகளைப் பிடித்துக்கொண்டாள். “ஒம் பங்கு நீ குடுக்கல கண்ணு. அதுக்காவ ஒங் கொயந்தய வுட்டுருவனா? என்னுதுலேர்ந்து ஊத்துனேன்,” என்றாள். அவள் முகத்தில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை.

இப்போது மகள் நடக்கிறாள். பேச்சு இன்னும் சரியாக வரவில்லை. சில பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசும் என்கிறார் என் கணவர். அவள் அசந்து தூங்கினால் மூக்கருகில் விரல் வைத்துப் பார்க்கிறேன். சில சமயம் எழுப்பியும் விடுகிறேன். அதுவும் தவறோ என்னவோ. விடுமுறை முடிந்து பள்ளி திறக்கப் போகிறது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேறு மனிதர் இல்லை. நேற்று அக்கா அந்தப் பாலாடையைப் புளி போட்டுத் துலக்கி எடுத்துவந்து காட்டினாள். மூக்கில் கறையே இல்லை. “இனிமே வெறும் பாலுதான் கண்ணு,” என்றாள். மகள் என் இடுப்பிலிருந்து அவளிடம் தாவினாள்.

இதைப் படிக்கும் தாய்மார்களே, நீங்களாக இருந்தால் அவளிடம் குழந்தையை விடுவீர்களா? தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.