நெளிந்த மிளகாய்

அமாவாசைக்கு அமாவாசை எங்கள் தறிக்குடோன் வாசலில் திருஷ்டி எலுமிச்சையும் மிளகாயும் மாற்றிக் கட்டுவோம். இன்று காலை பழையதை அவிழ்க்கப் போனார் தறி ஓட்டும் சரசக்கா.

கருத்துப்போன மிளகாய் ஒன்று, கை பட்டதும் வெடுக்கென்று நெளிந்தது.

"ஏனுங்க! திஷ்டிக்கு உசுரு வந்துருச்சுங்க!"

"அக்கா, அது கூட்டுப்புழுங்க. வாசல் எலுமிச்சைச் செடியில இருந்து ஏறி வந்துருக்கும். தொட்டா அப்படித்தான் துள்ளும்" என்றேன்.

யாரும் நம்பவில்லை. அப்பா தறிகளை நிறுத்தச் சொன்னார். அந்த அமைதியில் கூடு பிளக்கும் சத்தம் எனக்கே கேட்டது.

உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புப் பட்டாம்பூச்சி, ஈரச் சிறகோடு தொங்கியது. பின்சிறகில் வெளிறிய நீலம். அடியில் குங்குமம் தொட்டு வைத்ததுபோல் சிவப்புப் புள்ளிகள்.

"நம்ம மேல பட்ட கண்ணெல்லாம் சேந்து றெக்கை மொளச்சிருக்குது, அம்மணி" என்றார் சரசக்கா.

சிறகு உலர்ந்ததும் அது நேராக எதிர்க் குடோனுக்குள் பறந்துபோனது.

சற்று நேரத்தில் அங்கேயும் தறிச் சத்தம் நின்றுவிட்டது.

வெறும் பூச்சிதான் என்று அவர்களிடம் யாராவது போய்ச் சொல்லுங்களேன். நான் இன்றைக்கு அந்தப் பக்கம் போவதாக இல்லை.