குத்தகை நீடித்த நாளும் மூன்றாம் மாடிப் படியும்

வீடு விற்றுக்கொடுக்கும் தரகன் சாவிக்கொத்தைவிடப் பாரமாகச் சுமப்பது பிறருடைய அவசரத்தையே. குத்தகை வீட்டை விற்க அலைந்து களைத்த அன்பர்களே, கொழும்பு வெள்ளவத்தையில் தரகனாக நான் கண்டதை உங்களுக்காகவே எழுதுகிறேன்.

யாருடைய வீடு

மங்களேஸ்வரி டீச்சர் மின்தூக்கி இல்லாத கட்டடமொன்றின் மூன்றாம் மாடியில் வசித்தார். பாரிசவாதத்தில் விழுந்து நடக்க இயலாத கணவரைக் கிளினிக்குக்குக் கதிரையில் இருத்தித்தான் தூக்கி இறக்க வேண்டும். ஹெவ்லொக் டவுனில் கீழ்த்தள வீடொன்றைப் பேசிவைத்திருந்தார். இதை விற்றால்தான் அதை வாங்கலாம்.

இடையில் நின்றது குத்தகை. வீடு கொட்டாஞ்சேனை ஹாஜியார் ஒருவரிடம் நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்தது. எஞ்சிய ஆண்டுகள் சொற்பம். அதை நீடித்தாலன்றி, வாங்குபவருக்கு வங்கி கடன் தராது. நான் விளக்கியதும் டீச்சர் திகைத்தார்.

"என்ன தம்பி கதைக்கிறீர்? பிள்ளையளை வளர்த்துக் கலியாணம் கட்டிக் குடுத்த வீடு. இது எங்கட இல்லையெண்டால் வேற ஆற்ற?"

வாய் திறவாத விற்பனை

விற்பனை முடியும்வரை அதைப்பற்றி மூச்சுவிடாதிருப்பது நம்மவர் வழக்கம். தாம் கடைசிவரை அங்கேயே இருக்கப்போவதாகச் சொல்லி நீடிப்புக் கேட்க டீச்சர் தீர்மானித்தார். நோகும் காலை மறைத்து மற்றக் காலைக் காட்டிய நோயாளியின் கதையைச் சொன்னேன்: வைத்தியர் நல்லவர், மருந்தும் நல்லது, கட்டுமட்டும் நோகாத காலில். டீச்சர் சிரிக்கவில்லை.

"விக்கிற கதை வெளியில போனால் கண்ணூறு பட்டிடும். எல்லாம் முடியட்டும், பிறகு சொல்லுவம்."

ஹாஜியாரின் பெருமனது

ஹாஜியார் எங்களை இருத்தி இஞ்சிப் பிளேன்டீ தந்தார். டீச்சர் கேட்டு முடிக்குமுன்பே சம்மதித்தார். ஆனால் அவர் தந்த நீடிப்பு கணவன் மனைவி இருவரின் ஆயுள்வரைக்கும் மட்டுமே. பிறருக்கு மாற்ற இயலாது. விற்பனைக்கு அது உதவாது. கேட்டதே கிடைத்ததால் மறுக்கவும் வழியின்றி, டீச்சர் நன்றி சொல்லி எழுந்தார். வாசல்வரை வந்து ஹாஜியார் தேற்றினார்.

"ஒண்டுக்கும் யோசிக்க வாணாம் டீச்சர். உங்க ரெண்டு பேரையும் அந்த வீட்டால எறக்க ஒருத்தனாலயும் ஏலா."

மூன்றாம் மாடி

கணவரின் கையொப்பத்துக்காக ஹாஜியார், முன்கூட்டிச் சொல்லாமலே, என்னையும் அழைத்துக்கொண்டு தாமே வந்தார். கைப்பிடியைப் பற்றி, மாடிக்கு மாடி நின்று ஏறினார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவருக்கு எதிரே ஒரு கதிரை இறங்கியது. கிளினிக்குக்குக் கொண்டுபோக அயலவர் நால்வர் தாங்கிவர, டீச்சரின் கணவர் கண்களை இறுக மூடியிருந்தார். கதிரை ஒருபக்கம் சாய்ந்தபோது அவர் எழுப்பிய ஒலி சொல்லாக இல்லை. ஹாஜியார் சுவரோடு ஒட்டி வழிவிட்டார்.

பின்னால் வந்த டீச்சர் நின்றார். "நான் உங்களிட்ட பொய் சொன்னனான், ஹாஜியார். வீட்டை விக்கத்தான் கேட்டனான். இவரைக் கீழ கொண்டுபோக வேணும்."

நீடிப்பை வாங்குபவருக்கு மாற்றக்கூடியதாகவே எழுதும்படி ஹாஜியார் என்னிடம் பணித்துவிட்டு, டீச்சரிடம் திரும்பினார்.

"நான் உங்கள இருக்கச் சொன்னது அன்பில டீச்சர். இந்தப் படியக் கண்டிருந்தா, அண்டைக்கே எறங்கச் சொல்லியிருப்பேனே."

பொய் சொல்லிக் கேட்பவருக்கு மறுப்புக் கிடைத்தால் மீண்டுவிடலாம், சம்மதம் கிடைத்தால்தான், அன்பர்களே, திண்டாட்டம்.