கயிறு கட்டி வந்த சிவப்பு வண்டி

என் மச்சானுக்கு என் காரைப் பிடிக்காது. எனக்கு என் மச்சானைப் பிடிக்காது. எது முதலில் வந்தது என்று என் மனைவியைக் கேட்டால், "ரெண்டுமே கல்யாணத்தன்னிக்கே வந்துச்சு" என்பாள். கார் வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. இருந்தாலும் அவள் சொல்வது பொய்யில்லை.

அஞ்சாம் வகுப்புக்கு மேல் நான் பள்ளிக்கூடம் பார்த்ததில்லை. ராயபுரத்தில் துறைமுகக் கேட்டு ஓரம் நின்ற டிரெய்லரில் கிளீனராக ஏறினேன். டயர் கழட்டினேன், தார்ப்பாய் கட்டினேன், பிறகு ஸ்டியரிங் பிடித்தேன். இன்றைக்கு எர்ணாவூரில் பதினாலு டிரெய்லர் நிற்கிற யார்டு என்னுடையது. எவனும் தூக்கிவிடவில்லை. நான்தான் கை கொடுத்தேன் என்று இப்போது சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் அன்றைக்கு எந்த டீக்கடையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

நாற்பது அடிக் கன்டெய்னரை இழுத்தவன் தனக்கென்று ஒரு கார் வாங்கினால், தெருவில் எல்லோரும் வைத்திருக்கிற வெள்ளைக் காரையா வாங்குவான்? சிவப்பில் வாங்கினேன். சின்ன வண்டி, டர்போ பெட்ரோல். ஷோரூம் கொடுத்தபடியே ஓட்ட மனசு வரவில்லை. ராயபுரத்தில் ஒரு மெக்கானிக், நான் கிளீனராக இருந்த காலத்துத் தோஸ்து. அவனிடம் விட்டேன். கம்ப்யூட்டரைச் சொருகி இன்ஜினின் மூளையைத் திருத்தினான். சைலன்சர் பைப்பைப் பெரிதாக்கினான். ஸ்பிரிங்கைக் கெட்டியாக்கி வண்டியைத் தாழ்த்தினான். முன்னால் புது பம்பர். இன்ஜினுக்குக் காற்று போகிற பிளாஸ்டிக் பெட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டு, எண்ணெய் ஊறிய துணி பில்டர் ஒன்றைக் கூம்பு மாதிரி திறந்தபடி வைத்தான். மிதித்தால் உஸ்ஸென்று மூச்சு இழுக்கும். பக்கத்து டிரெய்லர்காரன் தலையை வெளியே நீட்டிப் பார்ப்பான். அதற்குத்தான் வாங்கினேன், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மச்சான் என் மனைவிக்குத் தம்பி. படித்தவன். வீடு மாத்தூரில், வேலை எண்ணூர்ப் பக்கம் ஒரு கப்பல் ஆபீசில். அவனும் டர்போ வண்டிதான் வாங்கினான், நீளமானது, கியர் தானாக மாறுவது. ஒரு ஸ்க்ரூவைக்கூட மாற்றவில்லை. சீட்டுக்குப் போட்டு வந்த பாலிதீன் உறையை ஆறு மாசம் பிரிக்காமல் வைத்திருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் வஞ்சிரக் குழம்பைப் பிசைந்துகொண்டே ஆரம்பித்தான்.

"மாமா, கோழிக்கு றெக்கையை ஒட்டினா கழுகு ஆயிடுமா?"

"உன் வண்டி இன்னா மச்சான்? மாமியார் வூட்டுல எடுத்துக் குடுத்த சட்டையை மடிப்புக் கலையாம போட்டுகினு நிக்கிற புது மாப்பிள்ளை மாதிரி கீது."

"அந்தச் சட்டை கிழியாது மாமா. இன்ஜினியருங்க நூறு பேரு கணக்குப் போட்டுத் தச்சது. நீங்க ஒருத்தரு கத்திரிக்கோலை எடுத்துட்டீங்க."

"நூறு இன்ஜினியரும் எர்ணாவூர்ல வண்டி ஓட்டினானா?"

"ஓட்டிப் பார்த்துடலாமே" என்றான்.

எங்கள் யார்டில் ஒரு பழக்கம் உண்டு. கயிறு கட்டி இழுத்து வந்த வண்டியின் சாவியை, அதை ஓட்டியவன் தன் கையால் எடுத்து, இழுத்து வந்தவனிடம் கொடுக்க வேண்டும். வண்டி மறுபடி தானாகக் கிளம்பும்வரை சாவி அவனிடம்தான் இருக்கும். டிரைவருக்கு அதைவிட அவமானம் கிடையாது. அதனாலேயே என் ஆட்கள் வண்டியை ஒழுங்காகப் பார்ப்பார்கள். நான் போட்ட சட்டம் அது. மச்சான் அதையே எடுத்து என் மேல் வீசினான்.

"உங்க சட்டமே இருக்கட்டும் மாமா. ரேஸு வேணாம், ரெண்டு பேருக்கும் குடும்பம் இருக்கு. தினம் வேலைக்கு ஓட்டுவோம். ஆடியில ஆரம்பிச்சு பொங்கல் வரைக்கும். எந்த வண்டி முதல்ல கயிறுல வருதோ, அதோட சாவி அடுத்தவனுக்கு. ஆனா திரும்பி வராது. வண்டியே அவனுக்கு."

மனைவி குழம்புக் கரண்டியோடு நின்றாள். "ரெண்டு பேருக்கும் பைத்தியம் முத்திப்போச்சு" என்றாள். நான் சோற்றுக் கையைக் கழுவிவிட்டு வந்து அவன் கையில் அடித்துக் கொடுத்தேன்.

ஓட்டினோம். உண்மையைச் சொல்கிறேன், காலி ரோட்டில் என் வண்டிக்கு முன்னால் அவனுடையது எருமை. ஆனால் எங்கள் ஊரில் காலி ரோடு எங்கே இருக்கிறது? கன்டெய்னர் வரிசையில் ஒரு மணி நேரம் கிளட்சை மிதித்து மிதித்து என் இடது முட்டி வீங்கியது. அவன் காலை மடக்கிக்கொண்டு பாட்டுக் கேட்டான். டிரெய்லர் டயர் பறித்த பள்ளத்தில் அவன் வண்டி தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டு போகும். என்னுடையது அடிக்கிற அடியில் பல் ஆடும். முட்டிக்குத் தைலம் தேய்த்ததை மனைவியிடம்கூட மறைத்தேன். அவள் அக்காவாயிற்றே, தம்பிக்குச் சொல்லாமல் இருப்பாளா?

எங்கள் பக்கத்து வண்டிகளுக்கு இன்னொரு எமன் சாம்பல். எண்ணூர் அனல்மின் நிலையத்துப் பக்கமிருந்து காற்று அடித்தால் மொட்டைமாடித் துணியிலும் சாம்பல், தண்ணீர்க் குடத்து மூடியிலும் சாம்பல். டிரெய்லர் பில்டரை வாரம் ஒருமுறை கழற்றி, டயருக்குக் காற்றடிக்கிற கம்ப்ரஸரால் ஊதித் தள்ளுவோம். அது பேப்பர் பில்டர், ஊதினால் தூசி பறக்கும், திருப்பி மாட்டலாம். முப்பது வருஷமாக இந்த வேலையை நான் யாரிடமும் விட்டதில்லை. என் காரின் பில்டரையும் சனிக்கிழமை தவறாமல் என் கையாலேயே ஊதினேன். சும்மா இல்லை, பிரஷரைக் கூட்டி வைத்து ஊதினேன்.

மெக்கானிக் ஒருமுறை பார்த்துவிட்டான்.

"நைனா, இதை ஊதாதே. சோப்புத் தண்ணியில கழுவு. நிழல்ல காய வை. அப்பால சொட்டுச் சொட்டா எண்ணெய் வுடு. ஒரு நாள் பூரா ஆவும்."

"ஒரு நாள் பூரா வண்டி நின்னா, நான் இன்னா உன் தோள் மேல ஏறிப் போவேனா?"

"சொல்றதைக் கேளு மாமு."

"டிரெய்லர் இன்ஜினே என் ஊதல்ல ஓடுது. இது எம்மாத்திரம்? மாசா மாசம் நான் உன் கடைக்கு வரணும், அதானே உனக்கு?"



மார்கழியில் வண்டியின் குரல் மாறியது. உஸ் போய் ஊளை வந்தது. பின்னால் லேசாக நீலப் புகை. பொங்கலுக்கு இருபது நாள்தான், தாங்கும் என்று ஓட்டினேன். ஒரு காலை, யார்டுக்கு அரை மைல் இருக்கும்போது, கன்டெய்னர் வரிசையின் நடுவில் உள்ளே ஏதோ கரகரவென்று அரைத்தது. புகை ஊரை மறைத்தது. இன்ஜின் நின்றது. சாவியைத் திருப்பினால் கிளம்பவில்லை.

பின்னால் நின்ற டிரெய்லர்கள் ஹாரன் அடித்தன. அதில் ஒன்று என்னுடையது. அது இன்னும் கொடுமை. போன் பண்ணி என் ஆட்களில் ஒருவனை வரச் சொல்லி, சத்தமில்லாமல் இழுத்துப் போய்விடலாம் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதை மறைக்கவில்லை. போனை எடுத்த கையோடு கண்ணாடியில் பார்த்தால், நாலு வண்டி தள்ளி மச்சானின் நீள வண்டி. ஆபீசுக்குப் போகிறவன் இஸ்திரி போட்ட சட்டையோடு இறங்கி வந்தான். கையில் கயிறு. ஆடி மாசத்திலேயே வாங்கி வைத்திருக்கிறான், பாவி.

"இன்னா மாமா, கழுகு உக்காந்துடுச்சா?"

கயிறு கட்ட முன்னால் கொக்கி வேண்டும். கம்பெனி பம்பரில் அதற்கு ஓட்டை இருந்தது. நான் மாற்றிய பம்பரில் இல்லை. அந்தச் சட்டையோடு சாம்பல் சேற்றில் படுத்து, அடியில் கையை விட்டுக் கட்டினான். சேறு அவன் காதுவரை அப்பியது. ஒரு நிமிஷம் எனக்கு மனசு குளிர்ந்தது. அடுத்த நிமிஷம் அவன் இழுத்தான். யார்டு கேட்டில் என் டிரைவர்கள் அத்தனை பேரும் வரிசையாக நின்றார்கள்.

மெக்கானிக்கை வரவழைத்தேன். வந்து இறங்குவதற்குள் கத்தினேன். "மூளையைத் திருத்துறேன்னு டர்போவை எரிச்சுட்டியேடா! களவாணி! பழகின பாவத்துக்கு என்னையே ஏமாத்தினியா?" இன்னும் சொன்னேன். எழுத முடியாது.

அவன் பைப்பைக் கழற்றி உள்ளே விரலை விட்டான். விரல் சாம்பலாக வெளியே வந்தது. இன்ஜினுக்குள் காற்றைத் தள்ளுகிற டர்போ விசிறியின் றெக்கை ஓரம் எலி கடித்தது போல இருந்தது. பில்டரை எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்தான். எண்ணெய் துளி இல்லை. கொசுவலை மாதிரி பொட்டுப் பொட்டாக வெளிச்சம் தெரிந்தது.

"துணி தடுக்கிறதில்ல நைனா, எண்ணெய்தான் சாம்பலைப் புடிக்கிறது. எண்ணெயை ஊதித் தள்ளி, துணியையும் கிழிச்சு, சாம்பலுக்கு வழி வுட்டது யாரு?"

என் ஆட்கள் எல்லோரும் வேறு திசையில் பார்த்தார்கள். சனிக்கிழமைதோறும் பார்த்தவர்கள்தானே.

"நான்தான்" என்றேன்.

அவன் அந்தச் சாம்பல் விரலை என் வெள்ளைச் சட்டைப் பையின் மேல் நிதானமாகத் துடைத்தான். "களவாணி வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

சாவியை மச்சானிடம் நீட்டினேன். வாங்கவில்லை.

"வேணாம் மாமா. இதுல மூணு நாள் ஆபீசுக்குப் போனா என் முதுகு போயிடும்."

தோற்றதுகூட அவ்வளவு எரியவில்லை, இது எரிந்தது. அவன் கையைப் பிடித்து விரித்துச் சாவியை வைத்து மூடினேன். "சட்டம் என்னுது. புடி" என்றேன். மெக்கானிக்கே டர்போ மாற்றி அவனுக்கு ஓட்டக் கொடுத்தான். நீள வண்டியை வீட்டில் தன் மனைவிக்கு விட்டுவிட்டு, முதுகு போகும் என்றவன் தினமும் காலையில் அதே வண்டியில் என் யார்டைத் தாண்டிப் போகிறான். கியரைச் சீக்கிரமாகவே மாற்றிவிடுகிறான். டர்போ விழிப்பதற்குள் தூங்கவைக்கிறான். ஓட்டத் தெரியாதவன் கையில் அது கத்துவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

போன மாசம் கேட்டுக்குள்ளேயே வந்துவிட்டான். டிரைவர்கள் டீ குடிக்கிற நேரம் பார்த்து இறங்கினான்.

"மாமா, பில்டர் தூசியா கீது. கொஞ்சம் காத்து அடிச்சுக் குடுக்குறீங்களா?"

யார்டே சிரித்தது. என்னிடம் சம்பளம் வாங்குகிறவனும் சிரித்தான்.

நான் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "சாவியைக் குடு" என்றேன். புது பில்டரைக் கழற்றினேன். பேசினில் சோப்புத் தண்ணீர் கலக்கி, குழந்தைத் தலை அலசுவது போல அலசினேன். டிரெய்லரின் நிழலில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன்.

"எப்ப மாமா ஆவும்?"

"நாளைக்கு."

"ஆபீசுக்கு?"

"ஷேர் ஆட்டோ போவுது பாரு."

இஸ்திரிச் சட்டையோடு மூன்று பேருக்கு நடுவில் நசுங்கிக்கொண்டு அவன் போனதை, சிரித்தவர்கள் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். மறுநாள் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். மெக்கானிக் சொன்னபடி, ஒரு சொட்டு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவனிடம் இதைச் சொல்லவில்லை. அவனும் என்னோடு இன்னும் பேசவில்லை.

அதுவரை சாவி என் சட்டைப் பையில் இருந்தது. அதே சட்டைதான். எத்தனை துவைத்தும் அந்த விரல் கறை போகவில்லை.