அப்பாவின் தண்ணீர்க் கேன்

சுற்றுலாப் படகில் பக்கத்தில் இருந்தவர் பாட்டிலைத் திறந்தார். டீசலோடு சாராய வாடை கலந்ததும் சிறுவயதில் வளர்ந்த பிள்ளைச்சாவடிக் குப்பத்துக்கே போய்விட்டேன்.

மீன்பிடிக்கப் போகும் அப்பா, இனிக் குடிப்பதில்லை என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார். ஒருநாள் அவர் படகிலிருந்து கொண்டுவந்த தண்ணீர்க் கேனில் இதே வாடை. சத்தியம் பொய்த்தால் நான் செத்துவிடுவேன் என்று நடுங்கினேன். அம்மா தாங்கமாட்டாள் என்று வாய் திறக்கவில்லை. காய்ச்சலில் விழுந்தேன்; சாவு நெருங்குகிறதா என்று நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். படுத்தபடியே பார்த்தால், அம்மாவே அந்தக் கேனில் சாராயம் ஊற்றிக்கொண்டிருக்கிறாள்.

“அப்பா சத்தியம் பண்ணுச்சேம்மா?”

“அது கரைக்குத்தாண்டி. கடல்ல குளிரு தாங்காதுல்ல?”

இருவரும் பேசி முடித்த கணக்கு அது. சாவுக்குக் காத்துக் கிடந்த என்னிடம்தான் யாரும் சொல்லவில்லை.

படகு கரை சேர்ந்தது. என் கை இன்னமும் நெற்றியில் சூடு பார்த்துக்கொண்டிருந்தது.